கவிழ்த்துப் பார்க்காத பானை

என் பையின் அடியில் ஒரு பானை ஓடு கிடக்கிறது. உள்ளங்கை அகலம். அதில் ஒரு துளை. துளையின் உட்சுவரில் கல்லாக இறுகிப்போன கடற்புழுக் கூடுகள். வெலிமடையில் லீக்ஸ் மூட்டை ஏற்றிய காலத்திலும், பெரகல சந்தியில் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவிய காலத்திலும் அது என்னோடுதான் இருந்தது. ஒரு மனிதரை மன்னித்துவிடக் கூடாது என்பதற்காக அதைச் சுமக்கிறேன்.

அவர் என் முதலாளி. பதுளைக் கடைவீதியில் பழைய சாமான் கடை வைத்திருந்தார். கிழக்குக் கரைக்குப் போய், மூழ்கிய கப்பல்களிலிருந்து மீனவர் வலையில் ஏறிவரும் சாடி, பானைகளை வாங்கி வருவது என் வேலை. அப்படிக் கிடைப்பதை அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பேச்சே எங்களுக்குள் எழுந்ததில்லை. தொழிலில் அவர் கெட்டிக்காரர், அதை மறுக்க மாட்டேன். உடைந்த விளிம்பின் மேலும் சிப்பி படர்ந்திருந்தால் அது கடலடியிலேயே உடைந்தது. விளிம்பு சுத்தமாக இருந்தால் நேற்று வலை இழுத்ததில் உடைந்தது. சிப்பிகளைப் பசை வைத்து ஒட்டி ஏமாற்றுபவர்கள் உண்டு. சுட்ட ஊசியால் தொட்டு, எழும் வாடையில் கண்டுபிடிப்பார். வாயின் மடிப்பையும் அடியில் குயவன் சக்கரம் விட்ட வரிகளையும் பார்த்துக் காலம் சொல்வார். "விக்கிறவன் சொல்றத அப்பறம் கேளு. மொதல்ல கவுத்துப் பாரு" என்பார். ஆட்களிடம் பேசும்போது மட்டும் வாயில் நாய் என்ற சொல் இல்லாமல் இருக்காது.

"உருப்படியா ஒரு சாமான் கொண்டுவாடா. பின்னால உள்ள ரூம ஒனக்கே தாறேன்" என்று ஒருநாள் சொன்னார். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து லொறியிலும் பஸ் நிலையத்திலும் தூங்கியவன் நான். உள்ளே நின்று தாழ்ப்பாள் போட ஒரு கதவு வேண்டும் என்று அதுவரை நினைத்ததில்லை. அதன்பிறகு வேறெதையும் நினைக்கவில்லை.

அந்தப் பானை பொத்துவிலுக்கு அப்பால் கிடைத்தது. சிவப்பு மண், குறுகிய வாய், கயிறு கட்டித் தொங்கவிடத் தோளில் மூன்று துளைகள். உடம்பெல்லாம் சிப்பியும் கடற்புழுக் கூடும். வரும் வழியில் மடுல்சீமையில் அக்கா வீட்டில் தங்கினேன். நான் எழும்புவதற்கு முன்பே, புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் வெளிப்புறத்தைப் பளிச்சென்று தேய்த்து வைத்திருந்தாள். அழுக்குப் பாத்திரத்தை அடுத்தவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப எங்கள் பெண்களுக்கு மனம் வராது. குறுகிய வாய்க்குள் அவள் கை நுழையவில்லை. உள்ளேயும் துளைகளின் உட்சுவரிலும் எல்லாம் அப்படியே இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. முதலாளி கடையில் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். சாக்கைப் பிரித்ததும் அவர் கண் துளைகளில் போய் நின்றது.

"என்னடா இது?"

"கடல்ல கெடச்சதுங்க மொதலாளி. வலையில ஏறுனது."

"கடலா? புதுப்பான மாதிரி மின்னுது. தோள்ல மூணு ஓட்ட. சுடுகாட்டுல ஒடைக்காம விட்ட கொள்ளிக்கொடத்தத் தூக்கிட்டு வந்து, வெள்ளிக்கெழமையும் அதுவுமா என் கடையில வைக்கிறியா?"

"கவுத்துப் பாருங்க மொதலாளி."

பக்கத்துப் புடைவைக் கடைக்காரர் வாசலில் நின்று சிரித்தார். "பொணம் எங்கடா? அதையும் சாக்குலதான் வச்சிருக்கியா?"

கூட்டம் சேர்ந்தது. முதலாளி பானையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார். முதுகைத் திருப்பிக்கொண்டு, சுடுகாட்டில் செய்வதுபோலவே தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டார். அது உடைந்தபோது மணலும் சிப்பித்தூளும் தார்மேல் கொட்டின. அவர் திரும்பினார். பழக்கதோஷம், குனிந்து ஒரு துண்டை எடுத்து, விளிம்பைப் பார்த்து, துளைக்குள் விரலை விட்டார். விரல் புழுக்கூடுகளில் தட்டி அங்கேயே நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டதை நான் பார்த்ததும் அவருக்குத் தெரிந்தது.

கூட்டம் காத்திருந்தது. கடல் சாமான்தான் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் துண்டைச் சாக்கடையோரம் எறிந்துவிட்டு, "கடைக்குத் தண்ணி தெளிங்கடா. இந்தச் சுடுகாட்டு நாய உள்ள விடாதீங்க" என்றார்.

அவர் எறிந்த துண்டைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினேன். அந்தப் பெயர் பதுளையில் எனக்கு முன்னால் நடந்தது. மரக்கறிக் கடையில் வேலை கேட்டால், "சுடுகாட்டான்தானே நீ?" என்றார்கள். அக்கா காதுக்கும் போனது. அவள் நம்பவில்லை, அக்கம்பக்கத்து லயத்துக்காரர்கள் நம்பினார்கள். பின்னறையில் அவர் பழைய பேப்பர் கட்டுகளை அடுக்கினார். நான் ஊர் ஊராகப் போனேன்.

போன மாதம் முதலாளி செத்துப்போனார். செய்தி கேட்டு வந்தேன், துக்கத்துக்கு அல்ல. சுடுகாட்டு வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அவர் மகன் தோளில் குடத்தோடு சிதையைச் சுற்றினார். சுற்றுக்கு ஒரு துளை போட்டார்கள். தண்ணீர் பீறிட்டது. புடைவைக் கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தார். கிழவராகிவிட்டார். "பழச மனசுல வைக்காதப்பா. வந்து ஒரு கைப்பிடி அரிசி போட்டுட்டுப் போ" என்றார்.

பைக்குள் கையை விட்டேன். ஓட்டின் துளைக்குள் என் விரல் நுழைந்தது. அந்தக் கடற்புழுக் கூடுகள் இன்னும் சொரசொரப்பாகவே இருக்கின்றன.

"சுடுகாட்டு நாய உள்ள விடக்கூடாதுன்னு அவருதானே சொன்னாரு" என்றேன்.

குடம் உடைந்த சத்தம் கேட்டது. நான் வெலிமடை பஸ்ஸுக்கு நடந்தேன்.