அடித்தால் போகாத பேரிங்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் ஒரு கூரை ஓட்டுத் தொழிற்சாலையில் நான் ஸ்டோர்காரனாக இருந்தேன். இயந்திரங்களுக்கான உதிரி சாமான்களை அலமாரியில் அடுக்கி வைப்பதும், கேட்பவருக்கு எடுத்துக் கொடுப்பதும் வேலை. பேரிங்கின் எண்ணைச் சொன்னால் போதும், கண்ணை மூடிக்கொண்டு எடுத்து நீட்டுவேன். அது இயந்திரத்தில் எங்கே போய் உட்காருகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அதை நான் ஒரு குறையாகவே நினைத்ததில்லை.

எங்களிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. ஒருநாள் சிம்பாங் பூலாய் வளைவில் லோரி ஒன்று எங்களைக் கடந்தபோது எங்கள் வண்டியின் பின்பக்கம் வாத்து நடப்பதுபோல் ஆடியது. பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி, "நாம ஒரு பக்கம் போறோம், வண்டி ஒரு பக்கம் போவுது," என்றாள்.

மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே பின்சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பார்த்தார். பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் இரும்புக் கைக்கு சுவிங் ஆர்ம் என்று பெயர். அது வண்டியோடு சேரும் இடத்திலுள்ள இரண்டு பேரிங்கும் தேய்ந்துவிட்டன, விட்டுவிட்டுப் போ, நாளைக்கு வா என்று மலாயில் சொன்னார்.

"பேரிங்தானே, நானே மாத்திக்கிறேன்," என்று நானும் மலாயிலேயே சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு அடுத்த வண்டியிடம் போனார். அந்தப் பார்வையை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து காஜாவில் மனைவியின் அக்கா குழந்தைக்கு முப்பதாம் நாள் சாமி கும்பிடுவதாக இருந்தது. வண்டி இல்லாமல் போக முடியாது. சனிக்கிழமை எனக்கு விடுமுறை. மனைவிக்குத் துணி தைக்கும் தொழிற்சாலையில், அவள் சொல்கிற கிலாங்கில், அரைநாள் வேலை. அவள் திரும்பி வருவதற்குள் முடித்து, வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்திவிடுவது என்பது என் திட்டம். பேரிங் கடையில் இரண்டு வேண்டிய இடத்தில் மூன்று வாங்கினேன். ஸ்டோர்காரன் புத்தி. அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

பின்வாசல் சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, ஒன்பது மணிக்குள் சக்கரத்தையும் சங்கிலியையும் கழற்றிவிட்டேன். அந்தப் பெருமையில் ஒரு தேநீர் போட்டுக் குடித்தேன். பிறகு சுவிங் ஆர்மைப் பிடித்திருந்த நீளமான போல்ட்டுக்கு வந்தேன். துரு ஏறி இறுகிப்போயிருந்தது. எண்ணெய் விட்டேன், அடித்தேன், மறுபடி எண்ணெய் விட்டேன், மறுபடி அடித்தேன். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "தம்பி, செவுத்த ஒடைக்கிறீங்களா?" என்று கேட்டார். இல்லை, வண்டி ரிப்பேர் செய்கிறேன் என்றேன். அவர் வண்டியைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

போல்ட் வெளியே வந்தபோது பதினொரு மணி. பழைய பேரிங்குகளை அடித்துத் துண்டு துண்டாக எடுத்தேன்.

இரும்பு குளிர்ந்தால் சுருங்கும், சூடானால் விரியும் என்று எங்கள் ஃபிட்டர் சொல்லிக் கேட்டிருந்தேன். புதிய பேரிங்குகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஐஸ் பெட்டியில் கெம்போங் மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். சுவிங் ஆர்மை அடுப்பின் மேல் கிடத்தினேன். பழைய கிரீஸ் புகைய ஆரம்பித்தது. கைத்துணியால் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"சோறு ஆக்கலையா?"

"ஆர்ம் சூடாவுது," என்றேன்.

அவள் அடுப்பைப் பார்த்தாள். சன்னலைத் திறந்துவிட்டு உடை மாற்றப் போனாள்.

ஆர்மைப் பின்வாசலுக்குக் கொண்டுவந்து, முதல் பேரிங்கை அதன் ஓட்டையில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தேன். ஒரு பக்கம் மட்டும் இறங்கியது. அதை நேராக்க மறுபக்கம் அடித்தேன். விளிம்பு மடங்கி, உள்ளேயிருந்த ஊசி ஊசியான உருளைகள் கொட்டி, பாதி சாக்கடைக்குள் உருண்டன. நிமிர்ந்தால் அவள் கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க கிலாங்ல மெஷினுக்கு பேரிங் மாத்துறவரு அடிக்கவே மாட்டாரு," என்றாள். "நீட்டு போல்ட்ட உள்ள விட்டு, ரெண்டு பக்கமும் வாஷர் போட்டு, நட்ட முடுக்குவாரு. அது பாட்டுக்கு நேரா உள்ள போவும்."

"அது தையல் மெஷின்லா. இது மோட்டார்."

"சரி, அடிங்க."

இன்னும் இரண்டு பேரிங்தான் மிச்சம். இரண்டும் வேண்டும். நான் அடிக்கவில்லை.

எதற்கென்று தெரியாமல் நான் சேர்த்து வைத்த சாமான் டின்னில் முழுநீளமும் மரை வெட்டிய போல்ட் ஒன்று கிடந்தது. மடங்கியதை எடுத்துப் போட்டுவிட்டு, புதியதை வைத்தோம். நான் போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஸ்பேனரால் நட்டைத் திருப்பினாள். சத்தமே இல்லாமல் பேரிங் இறங்கியது. இரண்டும் முடியக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

ஞாயிறு காலை வண்டி நூல் பிடித்த மாதிரி ஓடியது. பத்து காஜாவில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சகலை, "வண்டி ஆடுதுன்னியே, யாரு செஞ்சது?" என்றார்.

"நாந்தான் அண்ணே. வீட்லயே மாத்தினேன்."

மனைவி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். என் இலையில் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினாள்.

"என்னுதும் அப்படித்தான் இருக்கு. அடுத்த சனிக்கிழமை கொண்டு வாரேன்," என்றார் சகலை. வராதீங்க என்று சொல்ல நினைத்து, தலையை ஆட்டிவைத்தேன்.

திரும்பும் வழியில் பாதித் தூரம் வந்ததும், "அடுத்த சனிக்கிழமை எனக்கு ஓவர் டைம்," என்றாள்.

சொன்னபடி சகலை காலையிலேயே வந்துவிட்டார். கழற்றுவது இப்போது எனக்குப் பழகியிருந்தது. பத்தரைக்குள் எல்லாவற்றையும் கழற்றி, பழைய பேரிங்கையும் எடுத்துவிட்டேன். புதியதைக் கையில் எடுத்தேன். போன வாரம் வாஷரை எந்தப் பக்கம் போட்டோம், இடையில் எதை வைத்தோம் என்று ஒன்றும் நினைவில் இல்லை. போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? சுத்தியலை எடுத்தேன். சகலையின் முகத்தைப் பார்த்தேன். கீழே வைத்தேன்.

"அண்ணே, இந்த இடத்த அவதான் செஞ்சா," என்றேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "எத்தன மணிக்கு வருவா?" என்று மட்டும் கேட்டார்.

ஐந்து மணிக்கு என்றேன். நாங்கள் இருவரும் சக்கரமில்லாத வண்டிக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, மூன்று தடவை தேநீர் குடித்தோம். அவள் வந்து, முகம் கழுவி, பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தாள். "போல்ட் எங்க?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

சகலை பத்து காஜா முழுக்கச் சொல்லிவிட்டார் போல. அடுத்த இரண்டு மாதத்தில் மூன்று வண்டிகள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தன. நான் கதவைத் திறந்தால், வந்தவர்கள் என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, "அக்கா இருக்காங்களா?" என்றார்கள்.