மோந்து பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர்

இது நடந்தது. நம்பாதவர்கள் பாகூர் கடைத்தெருவில் இறங்கி, ஜலாலுதீன் ஜவுளிக்கடை எது என்று யாரையாவது கேட்டுப் பார்க்கலாம். கை நீட்டிக் காட்டுவார்கள். ஒரு கையால் காட்டும்போதே இன்னொரு கையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். இதற்கு மேல் என்னிடம் சாட்சி இல்லை.

வருஷம் 1986. வில்லியனூர் கமருதீன் அப்போதுதான் பி.காம். முடித்திருந்தான். மாமன் மகள் அஸ்மாவைத் தவிர வேறு யாரையும் கட்ட மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டான். மாமாவுக்கு, அதாவது ஜலாலுதீனுக்கு, அதில் பெரிய மறுப்பு இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான்.

"இன்னாமோ கம்ப்யூட்டர் வச்சுப் பொழைக்கப் போறேன்றியாமே. வாங்கி, என் கண்ணு முன்னால ஓட்டிக் காட்டு. ஓடுச்சுன்னா பொண்ணு உனக்கு. ஓடலன்னா கௌஸ் பாஷாவுக்கு."

கௌஸ் பாஷாவிடம் லாரி இருந்தது. லாரி ஓடுமா என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கமருதீன் தவளக்குப்பம் போனான். முனையில் மணவாளன் ஃபாரின் சாமான் கடை வைத்திருந்தார். மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் கிடந்தன. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் என்றால் வெறும் எழுத்துப் பலகைதான். டிவியில் மாட்ட வேண்டும், டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டு புரோகிராம் ஏற்ற வேண்டும். ஒன்றுக்குக் கெட்டியான பிளாஸ்டிக் எழுத்துக் கட்டைகள். இன்னொன்றுக்கு ரப்பர்.

எது நல்லது என்று கமருதீனுக்கு எப்படித் தெரியும்? நம் பக்கத்தில் ஃபாரின் சாமானுக்கு ஒரே பரீட்சைதான். சோப்பானாலும் டார்ச் லைட்டானாலும் மூக்கில் வைத்துப் பார்ப்பது. பெட்டி திறந்ததும் குப்பென்று அந்த வாசனை வந்தால் ஒரிஜினல். வராவிட்டால் டூப்ளிகேட்.

"நீயே மோந்து பாருப்பா," என்றார் மணவாளன்.

பிளாஸ்டிக்கில் ஒன்றுமில்லை. ரப்பரில் சென்ட், சோப்பு, கொஞ்சம் ஊதுவத்தி... கண்ணை மூடி இரண்டாம் முறையும் இழுத்தான். அதையே வாங்கிக்கொண்டு வந்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா கைருன்னிசாவின் கட்டிலில் வைத்து மாட்டினான். மறுநாள் ஜும்மா தொழுகை முடிந்து மாமா வருகிறார். கேசட் கீச்சென்று கத்தி முடித்தது. துணிக் கணக்குப் போடும் புரோகிராம் ஏறிவிட்டது. மீட்டரும் விலையும் அடித்தால் மொத்தம் சொல்லும். சரியாகச் சொன்னது.

கால் மணி நேரம் கழித்துப் பலகை சூடேறியது.

"இன்னாடா கமரு, எலி கிலி செத்துப்போச்சா?" என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

கட்டிலுக்கு அடியில் தேடினார்கள். அரிசி மூட்டையை நகர்த்தினார்கள். பரணில் ஏறிப் பார்த்தார்கள். எலி இல்லை. கைருன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

கமருதீன் திரும்பி வந்து உட்கார்ந்தான். பலகைக்கு அருகில் குனிந்தான். சென்ட் வாசனை முழுக்க ஆவியாகியிருந்தது. அதற்குக் கீழே இருந்தது மட்டும் மிச்சம். கறிக்கடைக் கழிவுத் தொட்டியில் இரண்டு நாள் வெயில் அடித்தால் வருமே... அது.

ஒரு எழுத்தை அழுத்தினான்.

ரப்பர் ஈரமாக இருந்தது. பிசுபிசுவென்று விரலோடு எழும்பி, பிறகு விட்டது. ப்ச்...

துணியால் துடைத்தான். துணியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியது. மறுபடி அழுத்தினான். ப்ச்... மறுபடி ஈரம்.

இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தான். வந்தது. வந்துகொண்டே இருந்தது. நுனியில் வெள்ளையாக ஒரு சதைப் பிசிறு.

உதறினான். போகவில்லை. கட்டில் காலில் தேய்த்தான்.

பத்து விரலையும் பலகையில் வைத்தான், எல்லா எழுத்தும் வேலை செய்கிறதா பார்க்க.

ரப்பர் மெத்தென்று இருந்தது. காது மடல் மாதிரி. காய்ச்சல்காரன் காது மடல் மாதிரி.

அழுத்தினான்.

கீழேயிருந்து திருப்பி அழுத்தியது.

ஒவ்வொரு விரலுக்கும் அடியில்... ஒவ்வொரு விரல்.

டிவியில் ஒரு எழுத்தும் விழவில்லை.

பிளக்கைப் பிடுங்கினான். பலகையைத் தொட்டான்.

சூடு குறையவில்லை.

விடிந்த பிறகும் குறையவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அதைக் கொண்டுபோய் சங்கராபரணி ஆற்றில் போட்டிருப்பார்கள். வேறு யாருக்கும் கௌஸ் பாஷாவின் லாரி கண்ணில் தெரிந்திருக்காது. கமருதீன் அதன்மேல் அரை டப்பா முகப்பவுடரைக் கொட்டி, ஊதி, மறுபடி மாட்டிக் கேசட்டை ஓட்டி, நான்கு ஊதுவத்தி ஏற்றி வைத்தான்.

ஜலாலுதீன் மாமா வயிறு நிறைய பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். ஜவுளிக்கடைக்காரர். பில் புத்தகம் புரட்டிப் புரட்டிப் பழகிய விரல். எதைத் தொடுவதற்கு முன்பும் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு நனைத்துக்கொள்வார்.

நனைத்தார். ஒரு எண்ணை அழுத்தினார். நனைத்தார். அடுத்த எண்.

"மாமா, நனைக்க வேணாம் மாமா. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

"நீ அடிச்சா நீ சொல்றதத்தான் அது சொல்லும். சும்மா இருடா."

நனைத்தார். அழுத்தினார். நனைத்தார். கமருதீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பின்னால் ப்ச்... ப்ச்... என்று கேட்டது. அதில் எது பலகை, எது மாமா என்று பிரிக்க முடியவில்லை.

மொத்தம் சரியாக வந்தது. மாமா நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்," என்றார், குழம்பைச் சொல்வதுபோல. "நல்ல மிஷினுதான்டா. பொண்ணு உனக்குத்தான். ஆனா இது கடையிலயே இருக்கட்டும்."

துண்டில் சுற்றி மடியில் வைத்து பஸ்ஸில் பாகூருக்குக் கொண்டுபோய்விட்டார். வில்லியனூர் வீட்டில் அன்றே நாற்றம் நின்றது.

மூன்றாம் நாள் கமருதீன் தவளக்குப்பம் போய் மணவாளனைப் பிடித்தான்.

"அண்ணே, அது ஈரமா இருக்குதுண்ணே."

"நல்லா தொடச்சுதானப்பா குடுத்தேன்," என்றார் மணவாளன். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எத தொடச்சீங்க?"

மணவாளன் கடைக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார். நெட்டப்பாக்கத்து தணிகைவேல், துபாயில் ஏசி மெக்கானிக், மூன்று மாதம் முன்பு செத்துப்போனான். உடலை விமானத்தில் அனுப்பினார்கள். சவப்பெட்டியை ஏர்போர்ட்டில் யாரும் கிளற மாட்டார்கள், வரி கட்ட வேண்டாம் என்று, கூட இருந்த பசங்கள் அவன் ஆசையாக வாங்கிய கம்ப்யூட்டரையும் உள்ளே வைத்து, சென்ட் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டார்கள். விமானம் நடுவில் எங்கேயோ நின்றுபோய் இரண்டு நாள் தாமதம். பெட்டி ஒழுகிவிட்டது.

"உள்ள எங்க வச்சிருந்தாங்க?"

"வவுத்து மேல. ரெண்டு கையும் அதும்மேல இருந்துச்சாம். வெரல பிரிச்சு எடுக்கத்தான் ரொம்பப் பாடாப் போச்சாம். அவன் பொண்டாட்டி அமுதம் அதைத் தொடவே மாட்டேன்னுட்டா. கம்பாலயே வாசல்வரைக்கும் தள்ளிக்கினு வந்தா. அங்க இருந்துதான் நான் எடுத்தேன்."

கமருதீன் ரோட்டோரம் போய் வாந்தி எடுத்தான். அப்படியே பாகூர் பஸ் ஏறினான். சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். பெண் போனாலும் போகட்டும்.

கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. மாமா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். எதிரே பலகை.

டிவி இல்லை. ஒயர் இல்லை.

மாமா நனைத்து நனைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

உள்வாசலில் அஸ்மா நின்றிருந்தாள். தாவணி நுனி மூக்கில்.

"மச்சான், அத்தா இத கொண்டாந்த நாள்லேர்ந்து சோறு தொடல. பசிக்கலயாம்."

மாமா நிமிர்ந்தார். "வாடா மருமவனே. நிக்காஹ் தேதி குறிச்சாச்சு. இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது? எதுனா சொல்லணுமா?"

கமருதீன் அஸ்மாவைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல மாமா."

"அப்ப நான் ஒண்ணு கேக்குறேன்." மாமா விரலை நாக்கில் தொட்டார். "அமுதம்ன்றது யாருடா?"

"...தெரியாது மாமா."

மாமா தலையாட்டினார். பத்து விரலையும் பலகைமேல் வைத்தார். அந்த விரல்கள் லேசாக மேலே எழும்பி எழும்பித் தாழ்ந்தன.

"அவ எல்லாம் ஒரு பொம்பளையாடா," என்றார். "அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தேன். என்னைக் கம்பால தள்ளுறா."