கை ஓங்காத ஒரு நாள்

பள்ளிக்கூடத்துப் பியூன் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தான். "தமிழய்யா, நம்ம டிரில் மாஸ்டர் தரணேந்திரனை செங்கம் ரோட்ல லாரி அடிச்சிருச்சுங்க. ஆள் இல்லீங்க." நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தானாம், தரணேந்திரன் ஒதுங்காமல் லாரியை நோக்கியே வந்தாராம். "லாரியோடயே சண்டைக்குப் போயிருப்பாரு. அவரு கோவம் தெரியாதா?" என்று டீக்கடையில் ஒருவன் சிரித்தான். அவனை அறைந்துவிட்டேன். இந்த வயதுவரை நான் யார் மேலும் கை வைத்ததில்லை.

அவருடைய கையை அவரிடம் படித்த உங்களுக்குத் தெரியும். விசில் வாய்க்குப் போகும் முன் கை கன்னத்துக்கு வந்துவிடும். மைதானத்தில் மாடு ஓட்டிக்கொண்டு வந்தவன், சினிமாக் கொட்டகையில் வரிசையை உடைத்தவன், கேள்வி கேட்க வந்த அப்பன் என்று எல்லாரும் வாங்கியிருக்கிறார்கள். நயினார் வீட்டுப் பிள்ளை, சமணர்; பொழுது சாய்ந்தால் வாயில் ஒரு பருக்கை படாது. நான் கேலி செய்தால், "எறும்பை மிதிக்காதேன்னுதான் எங்க வூட்ல வளத்தாங்க. எறும்பு நமக்குக் கோவம் வர்ற மாதிரி எதுவும் பண்றதில்லையே, அய்யா!" என்பார். அந்தக் கையால் நொந்தவர்கள் உங்களில் பலர். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்லவே எழுதுகிறேன்.

நெருக்கடி நிலை முடிந்த மறு ஆண்டு, மாசி மாதம். தினமும் விடியலில் எங்கள் ஊர் மலையைச் சுற்றுகிறவர் ஒரு நாள் சொன்னார்: "எவ்ளோ நடந்தாலும் பொறப்பட்ட எடத்துக்கே வந்து நிக்கிறோம், அய்யா. ஒரு தடவையாவது நேரா நடக்கணும்." மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி வரை கடலோரமாகவே ஒரு பகலில் நடப்பது என்று முடிவாயிற்று. விடியலில் இறங்கினோம். ஈர மணலில் அவர் கால் எடுத்து வைத்த வேகத்துக்கு நான் நாய்போல இரைத்தேன். நண்டைக் கண்டால் மட்டும் சுற்றிக்கொண்டு போனார்.

உச்சி வேளையில் தூரத்தில் மேளம் கேட்டது. அன்று மாசி மகம் என்பதே எங்கள் நினைவில் இல்லை. ஒரு குப்பத்தின் அம்மன் தீர்த்தவாரிக்குப் பல்லக்கில் கடலுக்கு வந்துகொண்டிருந்தாள். பலூன்காரன், வளையல் கடை, நீர்மோர்ப் பந்தல். முன்பின் தெரியாத எங்கள் கையில் யாரோ மோரைத் திணித்தார்கள். அதைக் குடித்து முடிப்பதற்குள் வடக்கேயிருந்து பக்கத்துக் குப்பத்து அம்மனும் வந்துவிட்டாள். யார் முதலில் தண்ணீரைத் தொடுவது என்று பேச்சு தடித்தது. ஒரு துடுப்பு உயர்ந்தது. அது இறங்கியபோது ஒருவனுடைய மண்டை பிளந்த சத்தத்தை நான் கேட்டேன்.

அப்புறம் கல், சோடா பாட்டில், கட்டுமரக் கட்டை எல்லாம் பறந்தன. பல்லக்குத் தூக்கியவர்களில் பாதிப் பேர் சண்டைக்குப் பாய்ந்துவிட்டார்கள். பல்லக்கு ஒருபக்கமாகச் சாய்ந்தது. "சாமி கீழ வுழுதுடா! தரையில படக் கூடாதுடா! யாராவது தோள் குடுங்கடா!" என்று பூசாரி அலறினார். தரணேந்திரன் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார். முன் தண்டில் வலப்பக்கம் அவர், இடப்பக்கம் நான்.

நாலடி போயிருப்போம். எதிர்க்குப்பத்தார் பல்லக்கையே மறித்து அடித்தார்கள். முதல் அடி அவர் வாயில் விழுந்தது. இரண்டு கையும் தண்டில் இருந்தன. "உங்க சாமிகூட இல்லையே, விட்டுட்டு வாங்க மாஸ்டர்!" என்று கத்தினேன். இரத்தத்தைத் துப்பிவிட்டு, "யார் சாமியா இருந்தா என்ன, தோள்ல ஏத்திட்டோமே! கெட்டியாப் புடிங்க அய்யா" என்றார்.

நான் பிடிக்கவில்லை. தோளை உருவிக்கொண்டு ஓடி ஒரு படகுக்குப் பின்னால் ஒளிந்தேன். நான் விட்ட பக்கத்தையும் அவர் வாங்கிக்கொண்டார். நான் நின்றிருந்த அந்த இடப்பக்கத்திலிருந்துதான் துடுப்பு வந்தது, அவர் காதோடு சேர்த்து. ஒருவரை அடிக்கக் காரணம் தேடாத அந்தக் கை ஓங்கவேயில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, அம்மன் பாதம் நனைந்த பிறகே தண்டை இன்னொருவன் தோளுக்கு மாற்றினார். கரைக்கு வந்தபோது காதிலிருந்து இரத்தம் கழுத்து வழியாக இறங்கியது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் சூரியன் போய்விட்டது. காலையில் தின்ற இட்லியோடு மறுநாள் விடியும்வரை பட்டினி கிடந்தார்.

பள்ளியில் காதுக் கட்டைப் பார்த்து ஹெட்மாஸ்டர், "எங்க கை வெச்சீங்க மாஸ்டர்?" என்றார். "பழக்க தோஷம் சார்" என்று அவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவருக்கு இடக்காது கேட்கவில்லை. மறு வாரமே யாரையோ அறைந்தார், ஆகவே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு முறை மலை சுற்றும்போது எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருடைய இடப்பக்கம் நடந்தபடி கேட்டேன். என் கோழைத்தனம் அப்படி.

ஒரு காது போனவருக்கு ஹாரன் கேட்கும், அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது தெரியாது. எதிரே வரும் வண்டி கண்ணில் படும் என்று சாலையின் வலப்பக்கமாகவே அவர் நடப்பார். அன்று வந்த லாரி பின்னாலிருந்து வந்தது, இடக்காதின் பக்கம். அவர் ஒதுங்கத்தான் பார்த்திருக்கிறார். கேட்கிற வலக்காதை நம்பி இடப்பக்கம் ஒதுங்கினார்; அது லாரி வந்த பக்கமாகிவிட்டது. சண்டைக்குப் போய்ச் சாகவில்லை ஐயா, என்னால் செத்தார். இதை உங்கள் எல்லாருடைய வலக்காதிலும் சொல்கிறேன்.

பாடையில் முன்பக்கம், இடப்புறம் நான் தோள் கொடுத்தேன். பாதி வழியில் அவரிடம் அடி வாங்கிய பழைய மாணவன் ஒருவன் ஓடி வந்து, "வயசாச்சுங்க அய்யா, நான் மாத்திக்கிறேன்" என்றான். வேண்டாம் என்றேன். சுடுகாடுவரை இரண்டு கையும் மூங்கிலிலேயே இருந்தன. தோள் கன்றிப்போய் இன்னும் வலிக்கிறது. அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது இந்த வலிதான். வீட்டில் தைலம் தேய்க்க வந்தார்கள், தொடவிடவில்லை.