பதில் வராத பெயருக்குக் கீழே

கடலோரத்து ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு தூக்கக் கலக்கம் உண்டு. பூசை முடிந்த மாதா கோவில் முற்றத்தில் வேப்ப நிழல் மெல்ல நகரும். தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் வெயிலில் பாதி கரைந்து நிற்கும். ஓரிடத்தில் தங்கத் தெரியாத நான், எந்த ஊரில் படுத்தாலும் அந்த முற்றத்தில்தான் கண் விழிக்கிறேன், கனவுக்குள். எங்கள் ஊர்க் கூட்டம் நடப்பதும் அங்கேதான்.

ஆண்கள் பாயில் உட்காருவார்கள். கணக்கப்பிள்ளை நோட்டைத் திறந்து வீட்டுக்கு ஒரு பெயராக வாசிப்பார். "இருக்கேன்" என்று சொல்பவருக்கு ஒரு வாக்கு. பெண்கள் வலைக்குவியலுக்குப் பின்னால் நிற்போம். டில்லிக்கு யார் போவதென்று அம்மா காலத்திலிருந்தே விரலில் மை வைத்துச் சொல்லிவருகிறோம். அதற்கும் முந்திய பெண்களுக்கு அந்த மையும் இல்லை. ஆனால் நாங்கள் மீன் காயப்போடும் மணலில் என்ன நடக்கலாம் என்று சொல்ல, இன்றும் எங்களுக்கு வாய் கிடையாது.

அந்த நோட்டில் ஒரு பெயருக்கு யாரும் பதில் சொல்வதில்லை. என் அக்காவின் கணவர் பெயர். ஏழு வருடத்துக்கு முன் கடலுக்குப் போனார். படகு கரை ஒதுங்கியது, அத்தான் ஒதுங்கவில்லை. உடல் கிடைக்காதவரின் பெயரை எங்கள் ஊரில் அடிப்பதில்லை. வாசிப்பார்கள், ஒரு மூச்சு நேரம் காத்திருப்பார்கள், அடுத்த பெயருக்குப் போவார்கள். அந்த மூச்சில் அலை மட்டும் கேட்கும். அதைக் கேட்கத்தான் அக்கா வருகிறாள் என்று நினைத்திருந்தேன்.

போன வருடம், மீன் காயப்போடும் அந்த மணலில் படகு எஞ்சின்கள் வைக்கக் கொட்டகை கட்டலாமா என்று வாக்கெடுப்பு. அக்காவின் அடுப்பெரிவதே அங்கே காயும் கருவாட்டில்தான். அத்தான் பெயரை வாசித்தார்கள். காத்திருந்தார்கள்.

"இருக்கேன்."

வலைக்குவியலைச் சுற்றி அக்கா முன்னால் வந்தாள்.

"ஏளா, கடலுக்குப் போறவனுக்குத்தான் இங்கன பேரு," என்றார் ஊர்த் தலைவர்.

"நீங்க கடலுக்குப் போயி எத்தன வருசமாச்சு, அண்ணாச்சி? முட்டுவலின்னு கட்டில்லயேதான கெடக்கீய."

பாயில் சிரிப்பு எழுந்தது. தலைவருக்கும் வந்துவிட்டது. பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "சரி, ஓட்டுப் போடு. ஆனா வீட்டுக்கு ஒரு பேருதான். அவன் பேர அடிச்சாத்தான் ஒம்பேர எழுத முடியும். அடிக்கட்டுமா?"

சிரிப்பு அடங்கியது. அத்தான் இறந்துவிட்டார் என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. அவர் சட்டையைத் துவைத்துத் துவைத்துக் கொடியிலேயே போடுகிறவள். கணக்கப்பிள்ளையின் பேனா பெயருக்கு மேலே நின்றது. அவள் கடலைப் பார்த்தாள், யாரோ வருவதற்கு நேரம் கொடுப்பதுபோல.

"அடிக்காதீய. அவிய பேரு கெடக்கட்டும். கீழ என் பேர எழுதுங்க. ஓட்டு ஒண்ணுதான். அவிய வந்தா அவிய போடட்டும், நான் வலைக்குப் பின்னால போயிருதேன்."

யாரும் மறுக்கவில்லை. கணக்கப்பிள்ளை எழுதினார். கொட்டகை வேண்டாம் என்று அக்கா சொன்னாள். கொட்டகைக்காரர்களே ஜெயித்தார்கள். இப்போது கருவாடு தெற்குக் கோடியில், முள்ளுக்காட்டு ஓரமாகக் காய்கிறது.

இப்போதும் முதலில் அத்தானை வாசிக்கிறார்கள். ஊர் காத்திருக்கிறது. பாயின் ஓரத்தில் உட்கார்ந்து அக்காவும் காத்திருக்கிறாள். அலை ஒன்று வந்து திரும்புகிறது. அப்புறம் அவள் பெயர்.

"இருக்கேன்," என்கிறாள்.