செண்பகத்தின் பல்லும் ஒரு டிக்கும்

நொச்சிக்குப்பத்து மீன் அங்காடியில் செண்பகத்தின் கடைக்குப் போகிறவர்கள் கடை எண்ணைப் பார்த்துப் போவதில்லை. குரலைக் கேட்டுத்தான் போவார்கள். சாலையோரம் தார்ப்பாய் விரித்து விற்ற காலத்திலேயே அந்தக் குரல் கலங்கரை விளக்கத்தின் உச்சி வரைக்கும் கேட்கும் என்று குப்பத்தில் பேச்சு. உச்சியில் இருந்தவர்கள் யாரும் வந்து சாட்சி சொல்லவில்லை. ஆனால் அவள் வஞ்சிரம் என்று கூவியதைக் கேட்டு, தாண்டிப்போன காரைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் நிறையப் பேர்.

குரல்தான் அவளுக்கு முதல். கையை நம்ப முடியாது. முப்பத்து நாலாவது வயதில் முடக்குவாதம் வந்து விரல் மூட்டுகள் வீங்கிக் கோணிக்கொண்டன. அரிவாள்மனையில் உட்கார்ந்து ஒரு சங்கரா மீனைக்கூட அவளால் நறுக்க முடியாது. செதில் சீவுவது, துண்டு போடுவது எல்லாம் மகள் தீபிகாவின் வேலை. கூவுவது, பேரம் பேசுவது, நல்ல மீனைப் பார்த்து நாறுகிறது என்று மூக்கைச் சுளிக்கிறவர்களை ஒரு வழி பண்ணுவது செண்பகத்தின் வேலை. இந்த ஏற்பாட்டில்தான் குடும்பம் ஓடியது.

கூடவே மாத்திரையும் ஓடியது. பதினைந்து வருடம். சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, வாரத்துக்கு ஒருநாள் போடுவது தனி. அவை இல்லாவிட்டால் பாயை விட்டு எழுந்திருக்க மாட்டாள். அதில் அவளுக்கும் சந்தேகமில்லை. ஆனால் நோயும் மருந்துமாகச் சேர்ந்து அவள் வாயை வற்ற அடித்துவிட்டன. எச்சில் ஊறாத வாயில் பல் தங்காது என்று அத்தனை வருடத்தில் ஒருவராவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் கடைவாய்ப் பற்கள் சொத்தையாகி உதிர்ந்தன. கொரோனா சமயத்தில் முகக்கவசத்துக்குள்ளேயே முன்பற்கள் மூன்று போயின. இப்போது மேலே இரண்டும் கீழே ஐந்தும் மிச்சம்.

பல் போனால் சோறுதான் போகும், குரல் போகாது என்று நினைத்திருந்தாள். குரல் இருந்தது, அதில் இருந்த வெட்டு போய்விட்டது. வஞ்சிரம் என்றால் காற்றுதான் வந்தது. வாங்க வந்தவர்கள் என்ன மீன் என்று மறுபடி கேட்டார்கள். எதிர்க்கடைக்காரி ஒருத்தி அவளைப் போலவே பொக்கை வாயால் பேசிக் காட்டி நாலு பேரைச் சிரிக்க வைத்தாள். அன்று செண்பகம் அவளைத் திட்டிய வசவில் பாதி யாருக்கும் புரியவில்லை. சிரித்ததைவிட அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஐப்பசியில் அடையாறு பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்று குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் இலவச முகாம் போட்டது. நீள வரிசை. ஒரு மேஜையில் ஒரு பையன் பேர், வயது கேட்டுத் தாளில் எழுதினான். அடுத்த மேஜையில் ஒரு பெண் டார்ச் அடித்துப் பல்லை எண்ணினாள். செண்பகத்தின் முறை வந்தபோது எண்ணுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. பிறகு கல்லூரிக்கே வரச்சொல்லிப் படம் எடுத்துப் பார்த்தார்கள். கழற்றி மாட்டும் பல்செட் இந்த வறண்ட வாயில் நிற்காது, உரசிப் புண்ணாக்கிவிடும். தாடை எலும்பில் திருகு இறக்கி அதன்மேல் நிலையாகப் பல் கட்டுவதுதான் வழி. நாலரை லட்சம் ஆகும். தள்ளிப்போட்டால் எலும்பு கரைந்து அதுவும் முடியாமல் போகலாம். இதையெல்லாம் அங்கே இருந்த பேராசிரியை அம்மா பொறுமையாகச் சொன்னார். நோயால் பல் இழந்தவர்களுக்கு மயிலாப்பூரில் ஒரு அறக்கட்டளை முழுச் செலவையும் ஏற்கிறது, இந்த முகாம் தாளைக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார். தாள் இங்கிலீஷில் இருந்தது. தீபிகா பத்தாவது வரை படித்தவள், ஆனால் டாக்டர் கையெழுத்து யாருக்குப் புரியும்?

அறக்கட்டளை, குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் மாடியில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் சிதம்பரநாதன், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, விண்ணப்பத்துக்கு ஒரு எண் போட்டுவிட்டுத்தான் தாளைப் படித்தார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். புகையிலைப் பழக்கம் என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறது, அப்படிப் பல் போனவர்களுக்கு அறக்கட்டளை விதிப்படி உதவ முடியாது என்றார். செண்பகம் பதில் சொல்வதற்குள் அவரே ஒரு வழியும் சொன்னார். பழக்கத்தை விட்டுவிட்டேன் என்று உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும், தை மாதப் பட்டியலிலேயே சேர்த்துவிடலாம். பலருக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறார்களாம்.

“இன்னா சார் சொல்றீங்க? போடாதத எப்டி சார் உடறது?” என்றாள் செண்பகம்.

இந்த இடத்தில் அவள் புருஷனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜவஹர் படகுக்குப் போகிறவன். தங்கமான ஆள், ஆனால் பாக்கும் புகையிலையும் கலந்த மாவாவை வாயில் அடக்காமல் கடலில் கால் வைக்க மாட்டான். செண்பகம் அவனோடு போட்ட சண்டையெல்லாம் அதற்காகத்தான். பொட்டலத்தைக் கண்ட இடத்தில் பிடுங்கி வீசுவாள். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் வெற்றிலைத் தட்டைத் தேடினால் வாசலைக் காட்டுவாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் வாயில் புற்று வந்து, கடைசி நான்கு மாதம் கன்னத்தில் ஓட்டையோடு கிடந்து செத்தான். அந்தப் புண்ணைத் தன் கோணல் விரலால் துடைத்தவள் அவள். அவளைப் பார்த்து, புகையிலையை விட்டதாக எழுதிக் கொடு என்றால் வயிறு எரியுமா எரியாதா?

தீபிகா மேஜைக்கு அடியில் அம்மாவின் தொடையைக் கிள்ளினாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா ஒரு வருடமாகக் கஞ்சியையும் குழைந்த சோற்றையும் தவிர வேறெதுவும் சாப்பிடவில்லை என்பதுதான். ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன் என்று முணுமுணுத்தாள். செண்பகம் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

“சார், நீங்க மீன் வாங்குவீங்களா?”

தாங்கள் சைவம் என்றார் சிதம்பரநாதன், கொஞ்சம் திகைத்துப்போய்.

“அப்ப ஒங்களுக்குத் தெரியாது. எங்ககிட்ட வர்றவங்க ஐஸ் மீனா, இன்னிக்கி மீனான்னு எங்க வாய் வார்த்தைய நம்ப மாட்டாங்க. செவுளத் தூக்கிப் பாப்பாங்க. செவப்பா கீதா, எடுப்பாங்க. இல்லியா, போய்க்கினே இருப்பாங்க. நீங்க தாளப் பாத்துக்கினு கீறீங்க. வாயப் பாருங்க சார்.”

சொன்னதோடு நிற்கவில்லை. எழுந்து மேஜைமேல் குனிந்து வாயை அகலத் திறந்து, இரண்டு கன்னத்தையும் விரலால் இழுத்துக் காட்டினாள். காவி இல்லை, கறை இல்லை. அவர் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான் டாக்டர் இல்லையேம்மா, தாளில் எழுதினவர்களே திருத்திக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறேன் என்றார்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அம்மாவும் மகளும் அடையாறு கல்லூரிக்குப் போனார்கள். முகாம் தாளைத் திருத்த முடியாது, கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது என்றார்கள். எழுதின டாக்டர் வேறு பிரிவுக்குப் போய்விட்டார் என்றார்கள். செண்பகம் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். காவலாளி எழுப்பிப் பார்த்தார். மூட்டுவலிக்காரி, எழுந்திருக்க நேரமாகும், நீ உன் வேலையைப் பார் என்றாள். இப்படி ஒருநாள் இல்லை, மூன்று வாரத்தில் நான்கு நாள். பேராசிரியை அம்மா வேறு விடுப்பில் இருந்தார். நான்காம் நாள் மத்தியானம், முகாமில் தாளை நிரப்பிக் கையெழுத்துப் போட்டிருந்த பயிற்சி டாக்டர் உபைத் தானே படியிறங்கி வந்தான். இருபத்து மூன்று வயசு இருக்கும், திருவல்லிக்கேணிப் பையன். அவளுக்குப் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்து தாளை வாங்கிப் பார்த்தான். அவன் காது சிவந்துவிட்டது.

“அன்னிக்கு கூட்டம் அதிகமா இருக்கும்னு சொன்னாங்கம்மா. நேரம் மிச்சமாகும்னு சில கட்டத்த முன்னாடி நாளே நிரப்பி எடுத்துட்டு வந்துட்டேன். குப்பத்து லேடீஸ், நாப்பது வயசுக்கு மேலன்னா பெரும்பாலும் போடுவாங்கன்னு...”

“எங்கள கண்ணால பாக்கறதுக்கு முன்னாடியேவா?”

“ஆமாம்மா.”

“கேட்டுக்கலாமே நைனா. வாயி எனக்குத்தான கீது.”

அவன் பொய் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை, அந்த மட்டில் உசத்தி. உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் சாய்த்து, வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுக் கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, ஈறு எல்லாவற்றையும் பார்த்தான். விடுப்பு முடிந்து வந்திருந்த பேராசிரியையைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் செண்பகத்தின் எதிரிலேயே அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, புதுத் தாள் எழுதச் சொல்லி அதில் தானும் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் படிக்கச் சொன்னாள் செண்பகம். புகையிலை, வெற்றிலைப் பழக்கம் எப்போதும் இல்லை, நீண்டகால நோயாலும் மருந்தாலும் வாய் வறண்டு பற்களை இழந்தவர் என்று படித்தான். பெஞ்சில் காத்திருப்பவர்களுக்குக் கேட்கவில்லை, சத்தமாகப் படி என்றாள். சத்தமாகப் படித்தான். பிறகு, மற்ற பெண்களின் தாளெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டாள். அங்காடிக்கு வந்து ஒவ்வொருத்தியாகக் கேட்டு எழுது, போடுகிறவளும் இருக்கிறாள், போடாதவளும் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தாள். அதன்பின் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவன் மீன் நாற்றத்தில் நின்று கேட்டு எழுதினான் என்பதையும் சொல்ல வேண்டும்.

புதுத் தாளோடு மயிலாப்பூர் போனபோது மார்கழி முடிய நாலு நாள் இருந்தது. சிதம்பரநாதன் தாளைப் படித்தார். முகம் மலர்ந்து, உடனே வாடியது. தைப் பட்டியல் நேற்றுத்தான் அறங்காவலர்களிடம் போயிருக்கிறது. புதுத் தாள் என்றால் புது விண்ணப்பம், இனி ஆடிப் பட்டியலில்தான். பழைய விண்ணப்பத்தின் எண் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த உறுதிமொழியில் இப்போது கையெழுத்துப் போட்டால், ஒரு போன் செய்து இந்தப் பட்டியலிலேயே நுழைத்துவிட முடியும் என்றார். ஆறு மாதம் எலும்புக்கு நல்லதில்லை என்று டாக்டர்கள் சொல்லியிருப்பார்களே, யோசியுங்கள் என்றார். அந்த மனிதர் நல்லதுக்குத்தான் சொன்னார். படிவத்தை எடுத்து வைத்து, பேனாவையும் திறந்து நீட்டினார்.

பேனாவை வாங்கியது தீபிகா. அம்மாவிடம் நீட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. தாள் திருத்தியாகிவிட்டது, உண்மை என்னவென்று அவர்களுக்கே தெரியும், இனி இந்தப் படிவத்தில் என்ன இருந்தால் என்ன என்று கேட்டாள். எலும்பு கரைந்துபோனால் அப்புறம் யார் வந்து கட்டுவார்கள் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

செண்பகம் படிவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கும் பயம் இருந்தது. மகள் நறுக்கிய மீனை அடுத்த வீட்டுக்காரர்கள் வறுக்கும் வாசனையில் கஞ்சி குடிக்கிறவளுக்கு ஆறு மாதம் எவ்வளவு நீளம் என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“எலும்பு கரையும்னு எனக்கும் தெரியும் சார். கரைஞ்சா கரையட்டும். என் வூட்டுக்காரன் வாய தின்னது இந்தப் பொயல. அத நானும் போட்டேன், இப்ப உட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு, அந்தப் பல்ல வச்சிக்கினு நான் எப்டி சார் வாயத் தொறப்பேன்? ஆடி மாசம் வரேன். இதே வாயோட வரேன்.”

தீபிகா கையிலிருந்த பேனாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அந்தப் படிவத்தைக் கவிழ்த்து ஓரமாகத் தள்ளிவிட்டு, புதுத் தாளைச் சிதம்பரநாதன் முன்னால் நகர்த்திப் பேனாவை அதன்மேல் வைத்தாள்.

“ஆடி லிஸ்ட்டுல எங்கம்மா பேர மொதல்ல எழுதுங்க சார். எழுதறத நான் பாக்கணும்.”