தேநீருக்குத் தண்டப்புள்ளி

மூன்று நாள் கார் ராலியின் ஏற்பாட்டாளர் என்ற முறையில், இன்று பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் கடைத்தெருவான லா சப்பலில், ஒரு தேநீர்க் கடையில் இருந்து ஒரு வரலாற்று முடிவை எடுத்தேன். போட்டி நடக்கும்போது எவரும் உறவினர் வீட்டில் தேநீர் குடிக்கக் கூடாது. குடித்தால் தண்டப்புள்ளி.

வரைபடம் பார்த்து, குறித்த நேரத்துக்குள் வந்து சேர வேண்டிய போட்டி இது; இடையில் காரைப் பின்னோக்கி எடுக்கும் சோதனையும் உண்டு. பாதையோ ஆர்ஜொந்தெய், பியர்ஃபித், ஸ்தேன் என்று எங்கள் சனம் இருக்கும் இடங்களால் போகிறது. ஒத்திகையில் ஒரு கார் மாமி வீட்டில் மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டுதான் வந்தது.

ஏற்பாட்டுக் குழுவில் இருக்கும் குகன் அண்ணை அந்தக் கடையிலேயே எதிர்த்தார்.

"வாசலாலை போய் உள்ளுக்குப் போகாட்டி, பிறகு கலியாண வீட்டிலை எந்த முகத்தோடை நிக்கிறது?"

"போட்டி முடிய எல்லா வீட்டுக்கும் போங்கோ அண்ணை."

"முதல்லை உன்ரை கொக்காவுக்குச் சொல்லு பாப்பம்."

அங்கேயே நின்று, ஸ்தேனில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

"நீயும் உள்ளுக்கு வரமாட்டியோ?"

"நான்தான் முதல் ஆளாய் வரமாட்டன், அக்கா."

"அப்ப உங்கடை கார் சோதனைக்கு மட்டும் என்ரை வளவு வேணுமோ? வேறை இடம் பார்."

போட்டியாளர்களே, சட்டம் மாறாது. உங்கள் மாமிமாருக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்ன பதிலை இந்தப் பதிவின் கீழே எழுதலாம்.

காரைப் பின்னோக்கி எடுக்கும் சோதனைக்கு இப்போது இடம் இல்லை.