எம்.ஏ.வுக்குப் பின் ஒரு பி.ஏ.

சென்ற செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளை முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்தபோது, வகிதா பானுவின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. அனுப்பியவர் அவருடைய கணவர். "வகிதா காலைல தவறிட்டா. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகளாகச் சிறுநீரகக் கோளாறு. எதிர்பாராத செய்தி என்று சொல்ல முடியாது. அடுத்த வகுப்பை எடுத்துவிட்டுத்தான் தேனாம்பேட்டையில் அவர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

மயிலாப்பூரில் எங்கள் பள்ளியில் அவரிடம் தமிழ் படித்தவர்களும், பின்னர் கே.கே. நகரில் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அவர் முதலில் வேதியியல் பட்டதாரி என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

வீட்டில் பேச்சு உருது. அப்பாவுக்குத் தி.நகரில் தையற்கடை. அடையாறில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலை முதல் வகுப்பில் முடித்துவிட்டு, எம்.ஏ. தமிழுக்கு விண்ணப்பித்திருக்கிறார். "வூட்ல உருது, காலேஜ்ல கெமிஸ்ட்ரி, இப்ப தமிழா? இன்னாதான் ஆவப்போறே நீ?" என்று அண்ணன் கேட்டாராம். நேர்காணலில் பேராசிரியர் கேட்டதும் ஏறக்குறைய அதுதான். "கெமிஸ்ட்ரிய வெறுத்துட்டு வரல சார். அது புரிஞ்சுடுச்சு. இது இன்னும் புரியல, ஆனா புடிச்சிருக்கு" என்று சொன்னதாக என்னிடம் சொல்லியிருக்கிறார். இடம் கிடைத்தது.

நானும் அவரும் ஒரே ஆண்டில் தற்காலிக ஆசிரியைகளாகச் சேர்ந்தோம். அவர் என்னைவிட நன்றாகப் பாடம் நடத்தினார். என் வகுப்புப் பிள்ளைகளே இடைவேளையில் அவரிடம் போய்ச் சந்தேகம் கேட்பார்கள். ஏழாவது ஆண்டில் ஒரு நிரந்தர இடம் காலியானது. இருவரும் விண்ணப்பித்தோம். இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. சான்றிதழ் சரிபார்ப்பு அன்று அவருடைய கோப்பை ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இரண்டும் தமிழ். வேலை எனக்குக் கிடைத்தது.

மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "உங்களுக்குக் கெடச்சதுல வருத்தமில்ல உமா. எனக்குக் கெடைக்காததுல இருக்கு. ரெண்டும் வேற வேற." அந்த விதி நியாயமானதுதான் என்று அன்று உண்மையாகவே நினைத்தேன். எனக்கு அது சாதகமாக இருந்ததும் ஒரு காரணம்.

அடுத்த ஆண்டே அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழில் சேர்ந்தார். அப்போது வயது முப்பத்தாறு. தேர்வறையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவன் எங்கள் பள்ளியின் பழைய மாணவன்.

"இன்னா மிஸ், நீங்கதான் சூப்பர்வைசரா?"

"இல்லப்பா, பரீட்ச எழுத வந்திருக்கேன்."

"அப்ப கொஞ்சம் காமிப்பீங்களா மிஸ்?"

"ப்ளஸ் டூல சொல்லிக் குடுத்தேனே, அத எழுது."

மறுநாள் இதைச் சொல்லி ஆசிரியர் அறையையே சிரிக்க வைத்தார். ஆனால் பட்டம் வாங்கிய பிறகு வேறொரு தடை வந்தது. பி.ஏ.வுக்குப் பின் படித்த எம்.ஏ.தான் செல்லும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அவருடைய எம்.ஏ. அதற்குப் பல ஆண்டுகள் முந்தையது. அன்று வாங்கி வைத்த டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். ஒரு வாரம் கழித்து, மறுபடியும் எம்.ஏ.வுக்கே பணம் கட்டிவிட்டதாகச் சொன்னார்.

"அதே பாடத்தையா?" என்றேன்.

"மொதல் தடவ எல்லாரையும் எட்டிப் புடிக்கணும்னு ஓடி ஓடிப் படிச்சேன். இப்ப நிதானமாப் படிக்கலாமே."

நாற்பத்து மூன்றாம் வயதில் கே.கே. நகர் பள்ளியில் நிரந்தர ஆசிரியை ஆனார். ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தார்.

எங்கள் பள்ளியில் அவர் இருந்த கடைசி ஆண்டில், ஆய்வுக்கு வந்த அதிகாரியோடு அவருடைய வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மாணவி, ஒரு சொல்லை ஏன் அப்படிப் பிரிக்கிறோம் என்று கேட்டாள். "எனக்குத் தெரியலம்மா. நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார், அதிகாரி இருக்கும்போதே. வெளியே வந்ததும், சமாளித்திருக்கலாமே என்றேன். "வேற பாடத்துலேர்ந்து வந்தவளுக்கு இருக்கற ஒரே சௌகரியம் அது உமா. தெரியலன்னு சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு" என்றார். எனக்கு அந்தப் பழக்கம் இருந்ததில்லை. சான்றிதழ்கள் எல்லாம் வரிசையாக இருந்ததால் தேவைப்படவில்லை என்று நினைத்திருந்தேன்.

அடக்கத்துக்கு மறுநாள் பதினோராம் வகுப்பில் ஒரு பெண் செய்யுளில் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டாள். சுமாராகத்தான் தெரியும். தெரியவில்லை, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இருபது ஆண்டுகளில் வகுப்பில் நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. வகிதாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வாக்கியம்தான். மறுநாள் அவள் மறக்காமல் கேட்டாள். பார்த்து வைத்திருந்தேன்.